செண்பகத்துக்குச் சுவர் நல்லதா? – தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: வீட்டின் பின்புறம் மூன்று பக்கமும் சுவர். காற்று அவ்வளவாக அடிக்காது. அந்த மூலையில் செண்பகம் வைக்கலாம் என்று நினைக்கிறோம். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது?

காற்று மறைவான இடம் என்று நீங்கள் பார்த்தது சரி. செண்பகம் மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற ஈரமான பசுமைமாறாக் காடுகளில் மற்ற மரங்களின் நடுவே வளரும் மரம். இலை ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும், ஆனால் தடிப்பு கிடையாது. வறண்ட காற்று தொடர்ந்து பட்டால் முதலில் இலையோரம் கருகும், அடுத்து மொட்டு உதிரும். கிளையும் எளிதில் முறியும். ஆகவே வெட்டவெளியில் தனி மரமாக வைப்பதைவிட உங்கள் பின்புறம் மேல்.

ஆனால் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். இலைக்குச் சுகமான அந்த இடம் பல வீடுகளில் வேருக்கு ஆகாத இடமாக இருக்கும். கட்டட வேலை முடிந்ததும் சிமென்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை, உடைந்த செங்கல் எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளி மேலே இரண்டடி மண் கொட்டி மூடியிருப்பார்கள். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகும். செண்பகம் கேட்பதோ லேசான அமில மண், கார அமிலக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை. இது போக, மேற்கு வெயில் விழும் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். மூன்று பக்கமும் அடைத்த இடத்தில் மழைத்தண்ணீர் வெளியேற வழியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மதில் சுவரிலிருந்து குறைந்தது 4 மீட்டர், வீட்டுச் சுவரிலிருந்து 5 அல்லது 6 மீட்டர் விடுங்கள். தோட்டத்தில் வளரும் செண்பகம் 10 மீட்டர் உயரத்தைச் சாதாரணமாகத் தாண்டும், காட்டில் 30 மீட்டருக்கும் மேல் போகும். அவ்வளவு தள்ளி வைத்தால் மறைவு போய்விடுமே என்ற பயம் வேண்டாம். காற்றுத் தடுப்பின் பலன் அதன் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரம் வரை கிடைக்கும். காற்றை முழுக்க மறிக்கும் சுவரைத் தாண்டி வருகிற காற்று மறுபுறம் சுழன்று இறங்கும். பாதியைத் தடுத்துப் பாதியை விடும் செடிவேலிதான் இந்த மரத்துக்கு உகந்தது. காற்று வரும் பக்கம் ஒரு வரிசைச் செடி வையுங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் போதும். அது காலை வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் மண் செண்பகத்துக்கு ஆகுமா என்று நடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? குழி எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும்?

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி மண்ணை அரை அடி ஆழத்திலிருந்தும், இன்னொரு கைப்பிடியை இரண்டடி ஆழத்திலிருந்தும் எடுத்து உலர்த்துங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரண்டி வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. மேல்மண் பேசாமல் இருந்து அடிமண் பொங்கினால், நான் மேலே சொன்ன கட்டட இடிபாடு என்று சந்தேகிக்கலாம். கடப்பாரை போட்டுப் பாருங்கள். இடிபாடு என்றால் தோண்டி அகற்றிவிடலாம். இயற்கையிலேயே சுண்ணாம்பு மண் என்றால் கந்தகம் போட்டு மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். கரைகிற சுண்ணாம்பு இருக்கும்வரை போட்ட கந்தகமெல்லாம் அதோடு மல்லுக்கு நின்றே தீர்ந்துபோகும். அந்த இடத்தில் மகிழ மரம் வையுங்கள், அது இவ்வளவு பிகு பண்ணாது.

அடுத்தது வடிகால். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி அளவு பாருங்கள். மணிக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கினால் நடலாம். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக்கூடாது. தரைக்கு மேல் ஒரு அடி உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள மேடு போட்டு அதில் நடுங்கள். களிமண்ணில் ஆழக் குழி எடுத்து உள்ளே மணலும் உரமுமாக நிரப்புவது பலர் செய்கிற காரியம். மழை பெய்தால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குத்தான் வரும். செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, சில நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும்.

நல்ல மண்ணில் குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் போதும், அகலம் மூன்று மடங்கு இருக்கட்டும். எடுத்த மண்ணோடு நான்கில் ஒரு பங்கு மக்கிய இலையுரம் அல்லது தொழுவுரம் கலந்து திருப்பி நிரப்புங்கள். நடும்போது வேர்க்கட்டியை உதறவோ உடைக்கவோ கூடாது, வேர் அறுந்தால் இந்த மரம் தேற நாளாகும். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரை மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். சுற்றிலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு. முதல் இரண்டு கோடையில் வாரம் இரண்டு முறை 10 முதல் 15 லிட்டர் ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு தெளிப்பதால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மூன்று வயது செண்பகம். புதுத்துளிர் வெளிறி மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. தொழுவுரம், முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டும் அதிகமாகிறதே தவிரக் குறையவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்.

இது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. அடையாளம் எளிது. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு. அதே கோலம் அடியிலுள்ள முதிர்ந்த இலையில் தெரிந்தால் மக்னீசியம். முதிர்ந்த இலை முழுதும் நரம்போடு சேர்ந்து வெளிறினால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இரும்பு செடிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எளிதில் நகராது, அதனால்தான் குறைவு முதலில் துளிரில் காட்டும்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளில்லை. மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. சாம்பலும் முட்டை ஓடும் அந்தக் காரத்தைக் கூட்டும் பொருள்கள். இன்றே நிறுத்துங்கள். எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட் இரண்டும் வேண்டாம். அவற்றிலுள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகுந்தாலும் இரும்பு கிடைக்காமல் போகும். கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிறதா பாருங்கள். விட்டால் ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும் கொஞ்சம் சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றுகிறீர்கள். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுக்க முடிந்தால் அதுவே பாதி வைத்தியம்.

உடனடியாகச் செய்ய வேண்டியது இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், கரையுங்கள். வரிசையை மாற்றினால் காரத் தண்ணீரில் அன்னபேதி துருநிறமாகத் திரிந்துவிடும். அப்படித் திரிந்ததைத் தெளித்துப் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்து, 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலையில் கரும்புள்ளி விழும். சுவரிலும் தரையிலும் பட்டால் கறை போகாது.

தெளிப்பு அப்போதைய இலையை மட்டும் காப்பாற்றும். வேர் வழியாகக் கொடுக்க இரும்புச் செலேட், அதாவது மண் பூட்டிவிடாதபடி கரிமப் பொருளோடு பிணைத்த இரும்பு, வேண்டும். வாங்கும்போது உறையைப் படியுங்கள். ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் சீக்கிரம் பிரிந்து வீணாகும். ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் அங்கே தாக்குப்பிடிக்கும், விலை கூடுதலாக இருக்கும். உங்கள் வயது மரத்துக்கு 15 முதல் 20 கிராமைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலையில் வேர்ப்பகுதியில் ஊற்றி உடனே மூடாக்கால் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் அது சிதையும். உறையில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி போங்கள். மேலே சொன்ன வினிகர் சோதனையில் மண் பொங்காவிட்டால், கூடவே சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத்தூளை மேல்மண்ணில் கிளறி விடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கப் பல மாதம் ஆகும். முழுக்க வெளுத்துப்போன பழைய இலை பச்சைக்குத் திரும்பாவிட்டால் கவலைப்படாதீர்கள், அடுத்த துளிரைப் பாருங்கள்.

கேள்வி: ஏழு ஆண்டு ஆகிறது, ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது. ஒரு பூகூட இல்லை. வெட்டிவிடலாமா?

விதையிலிருந்து வந்த கன்று என்றால் வெட்டாதீர்கள், இன்னும் அதன் காலமே வரவில்லை. விதைக் கன்று பூக்க ஏழு முதல் பத்து ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஒட்டுச்செடி நட்ட ஓரிரு ஆண்டிலேயே பூக்கத் தொடங்கும். ஏற்கெனவே பூத்த மரத்தின் கிளையைக் கொண்டு கட்டியது என்பதால் அதற்கு இளமைப் பருவமே கிடையாது.

ஒட்டுச்செடியும் ஐந்து ஆண்டாகப் பூக்கவில்லை என்றால் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது வெயில். பக்கத்து மரத்தின் நிழலில் இருந்தால் உயரமாகப் போகும், பூக்காது. இரண்டாவது, புல்தரைக்குப் போடும் யூரியா இதன் வேருக்கும் போகிறதா என்பது. தழைச்சத்து கூடினால் இலைக்குத்தான் கொண்டாட்டம். மூன்றாவது, கத்தரி. செண்பகத்தின் மொட்டு புதுக்கிளையின் இலைக்கக்கத்தில், ஒவ்வொன்றாக வரும். கோடைக்கு முன்பு நுனியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வெட்டுகிறவர்கள் அந்த ஆண்டின் பூவை வெட்டிக் குப்பையில் போடுகிறார்கள். பூத்து ஓய்ந்த கையோடு வெட்டுவதுதான் முறை.

கேள்வி: பசுமைமாறா மரம் என்றார்கள். கோடை தொடங்கும்போது கூடை கூடையாக இலை கொட்டுகிறதே?

பசுமைமாறா மரமும் இலை உதிர்க்கும், எல்லா இலையையும் ஒரே நேரத்தில் உதிர்க்காது, அவ்வளவுதான். புதுத்துளிர் வரும்போது உள்பக்கத்துப் பழைய இலை சீராக மஞ்சளாகி விழுவது இயல்பு. கிளை நுனியிலுள்ள இலை பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்போதே விழுந்தால் அது வேரிலுள்ள கோளாறு. அப்போது ஒரு சாண் ஆழம் தோண்டி ஒரு வேரை எடுத்து நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் தண்ணீர்க் குறைவு. பழுப்பாகி மேல்தோல் உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் மிகுந்து அழுகல் தொடங்கிவிட்டது.

கேள்வி: மொட்டு நிறைய வருகிறது. விரியும் முன்பே பாதிக்கு மேல் கொட்டிவிடுகிறது.

மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்து பிறகு ஒரேயடியாக நனைகிற இடங்களில் இது நடக்கும். மொட்டுக் கட்டும் காலத்தில் தண்ணீரின் இடைவெளி மாறக்கூடாது. விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்படவில்லை என்றால் பாய்ச்சுங்கள். பாய்ச்சும் இடம் தண்டடி அல்ல, கிளை பரவி நிற்கும் விளிம்புக்குக் கீழே. வெப்பக்காற்று நேராகத் தாக்கும் பக்கத்தில் மட்டும் உதிர்ந்தால் தண்ணீரில் பிழையில்லை, அந்தப் பக்கம் நிழல்வலை கட்டிப் பாருங்கள். நாற்றங்கால் நிழலிலிருந்து வந்த புதுச்செடி முதல் ஆண்டு மொட்டை உதிர்ப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மரத்தடியில் கிடக்கும் சிவப்பு விதைகளை எடுத்து உலர்த்தி, டப்பாவில் வைத்திருந்து இரண்டு மாதம் கழித்து விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

உலர்த்தியதும் வைத்திருந்ததும்தான் காரணம். செண்பக விதையின் உயிர் கொஞ்ச நாள்தான். சாதாரணமாக வைத்தால் இரண்டு வாரத்திலேயே முளைப்பு சரியத் தொடங்கும். வெயிலில் காயவைத்தால் அதுவும் இல்லை.

காய் வெடித்துச் சிவப்பு தெரியும்போதே கொத்தாகப் பறியுங்கள். தரையில் விழுந்தவற்றில் எறும்பும் பறவையும் விட்டுவைத்ததுதான் மிச்சம். அந்தச் சிவப்பு, விதையின் மேல் போர்த்திய எண்ணெய்ப் பசையுள்ள சதை. அதை எடுக்காமல் விதைத்தால் முளைப்பு தடைபடும், பூஞ்சணமும் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கரகரப்பான மணலோடு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்தால் சதை கழன்று கருப்பு விதை வெளியே வரும். பிசுபிசுப்பு போகவில்லை என்றால் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு அலசுங்கள். தண்ணீரில் மிதப்பதை ஒதுக்குங்கள்.

மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த தட்டில் 1 சென்டிமீட்டர் ஆழத்தில், அன்றைக்கே விதையுங்கள். எலி தோண்டும், மேலே கம்பிவலை போடுங்கள். அரை நிழலும் மாறாத ஈரமும் வேண்டும். முதல் முளை நான்கு முதல் ஆறு வாரத்தில் தலைகாட்டும், கடைசி முளை மூன்று மாதத்துக்குக்கூட வரும். ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தட்டைக் கவிழ்க்காதீர்கள். நான்கு இலை வந்ததும் ஆழமான பைக்கு மாற்றுங்கள். குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் சுருண்டுகொண்டால் பின்னால் எந்த மண்ணில் வைத்தாலும் மரம் நிமிராது.

கிளை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைப்பது இந்த மரத்தில் கடினம். பதியன் போடலாம். பென்சில் கனமுள்ள கிளையில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்பான பசையைச் சுரண்டி, வேர்ஊக்கி தடவி, ஈரப்பாசி வைத்துக் கட்டி இரண்டு மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் செய்யுங்கள்.

கேள்வி: ஒட்டுச்செடியின் அடியிலிருந்து கொழுகொழுவென்று கிளை வருகிறது. விடலாமா?

ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து என்றால் விடக்கூடாது. அது ஒட்டைத் தாங்கும் விதைக்கன்றின் கிளை. ஒட்டை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். இளசாக இருக்கும்போது கத்தரியால் நறுக்காமல் விரலால் ஒடித்தெடுங்கள், அடிக்கண்ணும் சேர்ந்து வந்துவிடும்.

கேள்வி: இரட்டைத் தண்டாக வளர்ந்த செண்பகம் காற்றில் நடுவே பிளந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டினால் சேருமா?

விரலளவு கிளை என்றால் கட்டிப் பார்க்கலாம். பெரிய தண்டு சேராது. பிளந்த வாயில் தண்ணீர் இறங்கி உள்மரம் உளுக்கும். பலவீனமான பாதியை அடிவரை, ஆனால் கிளை சேருமிடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை விட்டுவிட்டு, அறுத்தெடுங்கள். கனமான கிளையை முதலில் அடிப்புறம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து எடையை இறக்கிவிட்டு, கடைசியாக மீதித் துண்டை எடுத்தால் பட்டை கிழியாது.

இளங்கன்றில் இதைத் தவிர்ப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டு நுனி போட்டி போட்டு வளர்ந்தால், வி வடிவக் கவட்டை குறுகலாக இருக்கும் ஒன்றை இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். குச்சி நட்டுக் கட்டும்போது இறுக்கிக் கட்டாமல் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள். ஆடி நிற்கும் தண்டுதான் பருக்கும்.

கேள்வி: இலையில் பச்சைப் புழு. கிளையில் பழுப்புச் செதில். கீழ் இலைகளில் கரி அப்பியது போலக் கறுப்பு.

புழுவை விட்டுவிடுங்கள். முன்பக்கம் பருத்து வால்பக்கம் ஒடுங்கிய பச்சைப் புழு என்றால், அது பெரும்பாலும் பச்சைப் பொட்டுகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. சீத்தாவிலும் நெட்டிலிங்கத்திலும் மேய்கிற அதே இனம். சிறு கன்றில் மட்டும் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டால் போதும்.

செதில் பூச்சிதான் விரோதி. அது சுரக்கும் இனிப்பு நீர் கீழ் இலையில் படிந்து, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. கறுப்பைத் துடைப்பதில் பயனில்லை, பூச்சி போனால் அதுவும் போகும். பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுக் கிளையைத் தேயுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் அது கரைய 1 மில்லி சோப்புத் திரவமும் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை மாலையில் தெளியுங்கள். எறும்பு சாரை ஏறுகிறதா பாருங்கள். இனிப்புக்காக இந்தப் பூச்சியைக் காவல் காப்பது அதுதான். தண்டில் துணி சுற்றி அதன் மேல் ஒட்டும் பசை தடவி எறும்பை மறித்தாலே பொறிவண்டுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

வெண்செண்பகம் ஒட்டுச்செடியாக வாங்கினால் வளர்க்கலாம். அது விதை கட்டுவது அபூர்வம், பெரும்பாலும் ஒட்டுச்செடியாகத்தான் கிடைக்கும். வாய் அகலமும் ஆழமும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாத தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, இலையுரம், தென்னைநார்க் கழிவு, கரட்டு மணல் ஒவ்வொரு பங்கு. சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும், வேண்டாம். மாடியின் காற்று தரையைவிட வேகம், கைப்பிடிச் சுவரை ஒட்டி, மதியத்துக்கு மேல் நிழல் வரும் மூலையில் வையுங்கள். இங்கே மட்டும் சுவர் உங்களுக்கு உதவி.

கேள்வி: செண்பகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கிளையை ஒடித்தால் பால் வடிகிறது.

அது செண்பகம் அல்ல, பெருங்கள்ளி என்றும் ஈழத்தலரி என்றும் பலவாறாகச் சொல்லப்படும் புளூமேரியா. செண்பகத்தில் பால் கிடையாது. இளங்கிளையில் ஒவ்வொரு இலைக்காம்புக்கும் நேரே கிளையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத் தழும்பு இருக்கும், அடுத்த முறை அதைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். இப்போது கையில் இருக்கும் செடிக்கு முழு வெயிலும் குறைந்த தண்ணீரும் கொடுங்கள். மேலே சொன்ன எந்த உபசாரமும் அதற்குத் தேவையில்லை.